ஒரே காயினில் மெட்டல் ஸ்லக்

மூன்று மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு ஆட்டம். ஒன்றே ஒன்று. காயின் ஒன்று, லைஃப் மூன்று, மூன்றும் போய்விட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட வேண்டும். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இது. நேற்றுதான் முதல்முறையாக மெட்டல் ஸ்லக் என்ற, சிப்பாயாக ஓடிச் சுடுகிற வீடியோ கேமின் ஆறாவது, அதாவது கடைசி மிஷனுக்குள் கால் வைத்தேன். உள்ளே போய் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை, ஆனாலும் கை நடுங்கியது, தூக்கம் வர ஒரு மணி ஆகிவிட்டது. அந்தச் சூட்டோடு இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஆட்டம் எனக்குப் புதிது கிடையாது. 2003 வாக்கில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் ஒன்றில், கடைசி வரிசை கம்ப்யூட்டரில் இது இருந்தது. கடைகளில் காசு போட்டு ஆடுகிற ஆர்கேட் மெஷினைப் போல நடிக்கும் ஒரு எமுலேட்டர் புரோகிராம், அதற்குள் மெட்டல் ஸ்லக். கீபோர்டில் 5ஐ அழுத்தினால் காயின் விழும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், காசே இல்லாத காயின். ஆட்டம் தொடங்கும் முன்பே நானும் என் நண்பனும் 5ஐப் பத்துப் பதினைந்து முறை தட்டி வைத்துக்கொள்வோம், தீர்ந்தால் மறுபடி தட்டுவோம். செத்தால் என்ன, அதே இடத்தில் அடுத்த நொடி எழுந்து நிற்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஆறு மிஷனையும் முடித்துவிட்டு, முடித்தாயிற்று என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

இருபது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாங்கள் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை, அதன் ஊடே நடந்து போயிருக்கிறோம், அவ்வளவுதான் என்று இந்த மூன்று மாதத்தில் புரிந்தது. எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் இதை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பானில் ஐரம் என்று ஒரு கம்பெனி. ஆர்-டைப் என்ற விண்கலச் சண்டை ஆட்டத்தைச் செய்தவர்கள். 1994இல் அவர்கள் வீடியோ கேம் செய்வதை நிறுத்தினார்கள். அங்கே வேலை பார்த்த சிலர் வெளியே வந்து நாஸ்கா என்ற சின்ன நிறுவனத்தில் ஒன்று சேர்ந்தார்கள். ஐரத்தில் இருந்தபோது 1993இல் இவர்கள் செய்த இன் த ஹன்ட் என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டத்தையும், அப்புறம் வந்த கன்ஃபோர்ஸ் 2ஐயும் பார்த்தால், மெட்டல் ஸ்லக்கை வரைந்த அதே கைகள்தான் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். வெடிப்புகள், துரு ஏறிய இரும்பு, ஒவ்வொரு ஆணியும் தனியாகத் தெரிகிற இயந்திரங்கள். நாஸ்கா முதலில் நியோ டர்ஃப் மாஸ்டர்ஸ் என்று ஒரு கோல்ஃப் ஆட்டம் செய்தது (அதுவும் அருமையான ஆட்டம், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்). அடுத்தது 1996 ஏப்ரலில் வந்த மெட்டல் ஸ்லக். ஒசாகா பக்கத்து எஸ்என்கே கம்பெனியின் நியோ ஜியோ மெஷினில் ஓடியது.

இந்த ஆட்டம் முதலில் இப்படி இருக்கவில்லை. ஆரம்பத்தில் மனிதர்களே ஓடிச் சுடுகிற ஆட்டமாக இதை யோசிக்கவில்லை, நாம் ஓட்டப் போவது அந்தக் குட்டி டேங்க்தான். எஸ்வி-001 என்று அதற்குப் பெயர், ‘மெட்டல் ஸ்லக்’ என்பதே அந்த வண்டியின் பெயர்தான். அதை ஓட்டுபவர்களாக ஃபில், மிச்சிகோ என்று இரண்டு பேரை வைத்திருந்தார்கள். வேகம் குறைவு, நடை வேறு. கடைகளில் வைத்து ஆட விட்டுப் பார்த்தபோது எடுபடவில்லை. உடனே தூக்கிப் போட்டுவிடாமல், வரைந்து வைத்திருந்ததில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி கட்டினார்கள். மார்கோ, டார்மா என்ற இரண்டு சிப்பாய்கள் முன்னால் வந்தார்கள். டேங்க், வழியில் கிடைத்தால் ஏறிக்கொள்கிற ஒன்றாக மாறியது.

இந்த ஒரு மாற்றம்தான் ஆட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன். எப்போதும் டேங்க்குக்குள் உட்கார்ந்திருந்தால் பயம் இருக்காது. ஒரு தோட்டா பட்டாலே செத்துப்போகிற ஒரு மெலிந்த ஆளாக மூன்று நான்கு திரை தூரம் தப்பித் தப்பி வந்த பிறகு, அந்தக் குண்டுக் குட்டி வண்டி முன்னால் நிற்பதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை அவர்கள் முதல் வடிவத்தில் கொடுத்திருக்கவே முடியாது.

சரி, காயின் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆர்கேட் ஆட்டம் என்பது மூன்று பேருக்கு நடுவே நடக்கிற ஒரு பேரம். கடைக்காரருக்கு ஒரு ஆள் மெஷின் முன்னால் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. ஆடுகிறவனுக்குப் போட்ட காசுக்கு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். செய்தவர்கள் நடுவில் நின்று இருவரையும் திருப்திப்படுத்த வேண்டும். நியோ ஜியோவில் இது இன்னும் நெருக்கம், ஏனென்றால் அது கேசட் மாற்றுகிற மெஷின். ஒரே பெட்டிக்குள் ஆறு ஆட்டம் வரை செருகி வைக்கிற வகைகூட இருந்தது. ஒரு ஆட்டம் சம்பாதிக்கவில்லை என்றால் கடைக்காரர் அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடுவார். ஆகவே ஆட்டம் உன்னைக் கொல்ல வேண்டும், ஆனால் ‘என் தப்புதான், இன்னொரு தடவை பார்க்கலாம்’ என்று நீயே நினைக்கும்படி கொல்ல வேண்டும். மெட்டல் ஸ்லக்கில் எதிரிகளின் தோட்டா மெதுவாக, கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி வரும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மேலே பட்டுச் சாவோம். யாரையும் குறை சொல்ல முடியாது.

காயின் கணக்கில்லாமல் இருக்கும்போது இதெல்லாம் தலைகீழ் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு லைஃபும் பத்துக் கையெறி குண்டுகளோடு தொடங்கும். பாஸ், அதாவது மிஷன் கடைசியில் வரும் பெரிய எதிரி, முன்னால் போய் பத்தையும் வீசு, சாவு, மறுபடி பத்து வரும், அதையும் வீசு. பாஸ் வாங்கிய அடி அப்படியே இருக்கும், நமக்குத்தான் சரக்கு புதிதாக வந்துகொண்டிருக்கும். அதாவது சாவது தண்டனை இல்லை, சப்ளை. நாங்கள் அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாஸையும் இப்படித்தான் முடித்தோம். அந்த பாஸ் எப்படி நகர்கிறது, எப்போது சுடுகிறது, எங்கே நின்றால் தப்பலாம் என்று ஒன்றுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை. எப்படி இருக்கும், பார்த்தால்தானே.

ஒரே காயின் என்றான முதல் வாரம் முதல் மிஷனையே தாண்ட முடியவில்லை. காடு, ஆறு, அப்புறம் கடைசியில் அந்தப் பெரிய இரும்பு ராட்சசன், அங்கே முடிந்துவிடும். இரண்டாம் வாரம்தான் மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டேன். இந்த ஆட்டத்துக்கு ‘ரன் அண்ட் கன்’ என்று பெயர் வைத்தாலும், ஓடினால் சாவுதான். திரை ஒரு அங்குலம் நகர்ந்தால் அடுத்த எதிரி எழுந்துவிடுவான், ஆகவே ஒருவனை முடித்த பிறகே அடுத்த அங்குலம். அதற்காக நின்றுகொண்டே இருக்கவும் முடியாது, மேலே நேரம் ஓடிக்கொண்டிருக்கும், அது தீர்ந்தாலும் ஒரு லைஃப் போகும்.

கான்ட்ரா ஆடியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987இல் கோனாமி செய்த கான்ட்ராவில் எட்டுத் திசையிலும் சுடலாம், குறுக்காக மேலே ஒருவன் நின்றால் குறுக்காகவே அடித்துவிடலாம். மெட்டல் ஸ்லக்கில் அது கிடையாது. முன்னால், பின்னால், மேலே, குதித்தால் கீழே, அவ்வளவுதான். குறுக்கே நிற்கிறவனை அடிக்க நீ அவனுக்கு நேர் கோட்டுக்கு வர வேண்டும், வந்தால் அவனும் உன்னை அடிக்கலாம். இந்த ஒரு குறையில்தான் ஆட்டம் முழுவதும் நிற்கிறது. இதற்கு ஒரே விதிவிலக்கு ஹெவி மெஷின் கன். அதைச் சுட்டுக்கொண்டே மேல்நோக்கித் திருப்பினால், தோட்டாக்கள் விசிறி மாதிரி விரிந்து குறுக்குத் திசைகளையும் துடைத்துக்கொண்டு போகும். இருநூறு தோட்டாதான். பிரவுசிங் சென்டரில் பட்டனை அழுத்தியபடியே நடந்து அதை ஒரு நிமிஷத்தில் காலி செய்வேன். இப்போது அந்த விசிறி அடிக்காகவே சேமித்து வைக்கிறேன், மற்ற இடத்தில் தீராத கைத்துப்பாக்கியே போதும்.

அப்புறம் கத்தி. எதிரிக்குப் பக்கத்தில் போய்ச் சுடும் பட்டனை அழுத்தினால் மார்கோ சுட மாட்டான், குத்துவான். சுட்டால் கிடைப்பதைவிட இதற்குப் புள்ளி அதிகம். முன்பெல்லாம் எனக்குப் புள்ளி என்பதே ஒரு பொருட்டில்லை. இப்போது ஒரு சிப்பாயின் முதுகுப் பக்கம் ஊர்ந்து போய் நிற்கும்போது ‘வேண்டாம், சுட்டுவிடு’ என்று மனசு சொல்லும், கை கேட்காது.

இதைவிட முக்கியமாக நான் தவறவிட்டது கைதிகளை. நீண்ட தாடியும் அரைக்கால் சட்டையுமாக ஆங்காங்கே கட்டிப் போட்டிருப்பார்கள். கட்டை அவிழ்த்தால் சட்டைக்குள் கைவிட்டு ஏதாவது எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு சல்யூட் அடிப்பார்கள், ஓடிவிடுவார்கள். அவர்கள் கொடுக்கும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நானும் ஓடிவிடுவேன். ஆனால் மிஷன் முடிவில் காப்பாற்றியவர்களின் பெயர்களைப் பதவியோடு ஒவ்வொன்றாக வாசிப்பது போல ஒரு பட்டியல் வரும், ஆளுக்குப் பத்தாயிரம் புள்ளி. நடுவில் நீ ஒரு தடவை செத்தால் அந்த மிஷனில் அதுவரை காப்பாற்றிய எண்ணிக்கை பூஜ்யம். தட்டித் தட்டிக் காயின் போட்டு ஆடிய காலத்தில் என் பட்டியலில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், ஏன் என்று யோசித்ததே இல்லை. போன மாதம் ஒரு நாள் இரண்டாவது மிஷனை ஒரு லைஃப்கூடப் போகாமல் முடித்தேன். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நிற்கவில்லை. அத்தனை பேர் அங்கே கட்டிக் கிடந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷமாக அவர்களை நான் பாதி வழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

டேங்க்கைப் பற்றிய என் எண்ணமும் மாறிவிட்டது. அதை ஆயுதம் என்று நினைத்தேன், ஆனால் அது உயிர். மூன்று அடி தாங்கும். அதாவது ஒரே அடியில் சாகிற ஆட்டத்தில் மூன்று கூடுதல் உயிர். மூன்றாவது அடி விழுந்ததும் சிவந்து மின்னத் தொடங்கும், அப்போது வெளியே குதித்துவிட்டால் நாம் பிழைத்துக்கொள்ளலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கணம் நம் மேல் எதுவும் படாது, அதைத் தெரிந்தவர்கள் வருகிற குண்டைத் தவிர்க்கவே ஏறி இறங்குகிறார்கள். வண்டியை அப்படியே எதிரி மேல் ஏவி மோத விட்டு நாம் துள்ளி வெளியே விழவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் வண்டியைப் பத்திரமாக மிஷன் முடிவு வரை கொண்டுபோனால் தனி போனஸ். அந்த போனஸைவிட, அதை உடைய விட எனக்கு மனசு வருவதில்லை, அப்படி வரைந்திருக்கிறார்கள்.

வரைந்திருக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். நியோ ஜியோவின் மூளை மோட்டரோலா 68000, திரை அகலம் 320 புள்ளி, உயரம் 224. படத்தைச் சுருக்க முடியும், ஆனால் சுழற்ற முடியாது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்த டேங்க் ஒரு மேட்டில் ஏறும்போது மூக்கு தூக்குகிறது, இறங்கும்போது குனிகிறது, குதித்து விழும்போது சக்கரங்கள் அமுங்கி உடம்பு ஒரு முறை குலுங்குகிறது. மெஷின் சுழற்றித் தராது என்றால் இந்த ஒவ்வொரு சாய்வையும் யாரோ உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மொத்த கேசட்டே 193 மெகாபிட், இன்றைய கணக்கில் சுமார் 24 எம்பி. வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது.

எதிரிச் சிப்பாய்களைக் கவனியுங்கள். காயின் பயம் வந்து மெதுவாக நடக்கத் தொடங்கிய பிறகுதான் நானும் கவனித்தேன். அவர்கள் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்பவர்கள் அல்ல. இரண்டு பேர் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நம்மைப் பார்த்ததும் அலறித் துள்ளி, கையை மேலே தூக்கிக்கொண்டு ஓடுவான் ஒருவன். நாம் செத்தால் நின்று சிரிப்பான். இவன் வாழ்க்கை திரையில் மூன்று நொடிதான், ஆனாலும் அவனுக்கு ஒரு சுபாவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அக்கியோ, சுசுமு என்றெல்லாம் ஆட்ட முடிவில் வரைந்தவர்களின் பெயர் வரும், செல்லப்பெயர்கள். அந்தக் காலத்து ஜப்பான் ஆர்கேட் உலகில் அது வழக்கம், பலருடைய முழுப்பெயர் திரையில் வந்ததே இல்லை. இசையமைத்தவர் ‘ஹியா!’ என்றே போட்டுக்கொண்டார், அவர் தகுஷி ஹியமுதா. ராணுவ நடைக்கு ஏற்ற முரசும் ஊதுகுழலும் ஒரு பக்கம், நடுவில் திடீரென்று ஜாஸ் மாதிரி ஒரு வளைவு. பாத்திரம் கழுவும்போதுகூட எனக்கு முதல் மிஷன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து வந்தவை பற்றிக் கேட்பீர்கள். 1998இல் வந்த இரண்டாம் பாகத்தில் மம்மிகளும், நிறையச் சாப்பிட்டால் நம் ஆள் குண்டாகிவிடுவதும் வந்தன, எரி, ஃபியோ என்று இரண்டு பெண் வீரர்கள் வந்தார்கள், ஆனால் திரையில் கூட்டம் சேர்ந்தால் ஆட்டம் ஆமை வேகத்துக்குப் போய்விடும். அதைச் சரிசெய்து 1999இல் மெட்டல் ஸ்லக் எக்ஸ் வந்தது. 2000இல் வந்த மூன்றாம் பாகத்தைத்தான் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், ஜாம்பி ஆகி ரத்தம் கக்குவது, பல கிளை வழிகள், எல்லாம் பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கடைசி மிஷன் நீண்டுகொண்டே போகிறது, ஒரே காயினில் ஆடுகிறவனுக்கு அது ஆட்டமாக இல்லை, தவமாக இருக்கிறது. முதல் பாகம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவில் முடிகிறது. தேவையில்லாத இடம் என்று ஒன்றுகூட இல்லை. ஒரே காயினுக்கு இதுதான் சரி.

நாங்கள் அந்த பிரவுசிங் சென்டரில் 5ஐத் தட்டிக்கொண்டிருந்தபோது எஸ்என்கே இல்லை. 2001 அக்டோபரில் திவால் ஆகிவிட்டது. நாஸ்காவை அதற்கு முன்பே எஸ்என்கே தனக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு உரிமைகள் கை மாறி, பெயர் மறுபடி உயிர் பெற்று, இப்போது எல்லாக் கருவியிலும் காசு கொடுத்து வாங்கலாம். நான் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியது ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைகூட இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் வந்த வீட்டு நியோ ஜியோ கேசட்டையே வேண்டும் என்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள்.

நண்பனிடம் போன வாரம் இதையெல்லாம் போனில் சொன்னேன். “டேய், அதைத்தான் நாம முடிச்சாச்சே” என்றான். இல்லடா, முடிக்கவில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவனும் வாங்கிவிட்டான். நேற்று முன்தினம் முதல் மிஷன் பாஸிடம் மூன்று லைஃபும் போனதாக மெசேஜ் அனுப்பியிருந்தான், கூடவே ‘அந்தப் பெரிய பீரங்கி சுடுறதுக்கு முன்னாடி ஒரு கணம் நிக்குது, கவனிச்சியா’ என்று. கவனித்திருக்கிறேன். ஆனால் அதை அவனே கண்டுபிடித்துச் சொன்னதில் அவ்வளவு சந்தோஷம்.

ஆறாவது மிஷனின் கடைசியில் எதிரிப் படையின் தலைவன் ஜெனரல் மோர்டன் ஹெலிகாப்டரில் வருவான். மேலிருந்து விழுகிற குண்டுகளுக்கு நடுவே நேர் மேலே சுட வேண்டும், அதாவது அவனுக்கு அடியிலேயே நிற்க வேண்டும். அவனை வீழ்த்திய பிறகு ஒரு காகித விமானம் பறக்கும். நாம் கடந்து வந்த இடங்கள் மேலேயே மெதுவாகப் பறந்து போகும், கீழே உடைந்த வண்டிகள், விழுந்து கிடக்கிற சிப்பாய்கள், அலறி ஓடினார்களே, அவர்கள்தான். பின்னணியில் மென்மையாக இசை, மேலே அந்தச் செல்லப்பெயர்கள் ஓடும். பிரவுசிங் சென்டரில் இதை நான் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை. முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவோம், நேரத்துக்குக் காசு ஏறிக்கொண்டிருக்கும். யூடியூபில் இருக்கிறது, தெரியும். பார்க்கவில்லை. இன்றைக்கு ராத்திரி சாப்பாடு சீக்கிரம்.